சீன மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் யாரிடம் சொல்வது?



தோட்டத்திலிருந்து அருகிலுள்ள பட்டணத்துக்குப் போனால், மளிகைக் கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவே சீன மருந்துக் கடை ஒன்றைக் காணலாம். சுவர் முழுவதும் சின்னஞ்சிறு இழுப்பறைகள். மேசைமேல் ஒரு கைத்தராசு. காய்ந்த வேர், பட்டை, பூ, விதை எல்லாம் கலந்த ஒரு மணம். நம் குடும்பங்கள் பலவும் அந்தக் கடையின் படியை மிதித்தவைதாம். பால்மரம் வெட்டி முழங்கால் தேய்ந்தவர், செம்பனைக் குலை தூக்கி இடுப்பு பிடித்தவர், இருமல் விடாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த தாய் என எத்தனையோ பேர் சின்சேயிடம் நாடி பார்த்து மருந்து வாங்கியிருக்கிறார்கள்.

இதில் தவறு ஒன்றுமில்லை. சீன வைத்தியம் நெடுங்காலப் பழக்கமுள்ள கலை. நமக்குச் சித்த வைத்தியம் எப்படியோ, மலாய்க்காரர்களுக்கு ஜாமு எப்படியோ, அப்படித்தான் சீனர்களுக்கு அவர்களுடைய வைத்தியம். அதைக் குறை கூறுவது இன்றைய பேச்சின் நோக்கமன்று. அந்த மருந்தைச் சாப்பிட்ட பிறகு உடம்புக்கு ஏதேனும் கெடுதல் நேர்ந்தால் நாம் என்ன செய்ய வேண்டும்? யாரிடம் சொல்ல வேண்டும்? சொல்வதால் யாருக்கு என்ன பயன்? இவற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மருந்து என்பது உடம்பில் வேலை செய்யும் பொருள். வேலை செய்யும் பொருள் எதுவானாலும் நல்லதையும் செய்யும், சில வேளைகளில் கெட்டதையும் செய்யும். "இது வெறும் வேர்தானே, இலைதானே, இதில் என்ன கெடுதல் வந்துவிடும்?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். எட்டிக்காயும் மரத்தில் காய்ப்பதுதான். அரளியும் செடியில் பூப்பதுதான். இயற்கையில் விளைந்தது என்பதால் மட்டும் ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது.

கெடுதல் எந்தெந்த வழியில் வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி, மூலிகையே கடுமையானதாக இருப்பது. மூட்டு வலிக்குச் சீன வைத்தியத்தில் சுவான்வூ, சாவ்வூ என்னும் கிழங்கு வேர்களைச் சேர்ப்பதுண்டு. இவற்றில் அகோனிட்டின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. முறைப்படி ஊறவைத்து நெடுநேரம் கொதிக்க வைத்தால் அதன் வேகம் தணியும். அளவு கூடினாலும், போதிய நேரம் கொதிக்காவிட்டாலும், குடித்த சில நிமிடங்களிலிருந்து இரண்டொரு மணி நேரத்துக்குள் உதடும் நாக்கும் மரத்துப்போகும், கைகால் சிலிர்க்கும், வாந்தி வரும், நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொள்ளும். ஹாங்காங்கில் இப்படிப் பலர் மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள், உயிரிழந்தவர்களும் உண்டு. வைத்தியர் ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கச் சொல்லியிருக்க, வேலைக்குப் போகும் அவசரத்தில் கால் மணி நேரத்தில் இறக்கிவிடுவது எவ்வளவு ஆபத்து என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது வழி, ஒரு மூலிகைக்குப் பதில் வேறொன்று வந்து சேர்வது. பெல்ஜியம் நாட்டின் தலைநகரான புருசெல்ஸில் 1990 ஆம் ஆண்டில், உடல் இளைப்பதற்கு மருந்து கொடுத்துவந்த ஒரு சிகிச்சை நிலையம் தன் மாத்திரையில் புதிதாக இரண்டு சீன மூலிகைகளைச் சேர்த்தது. அவற்றுள் ஒன்று ஃபாங் ஜி. ஆனால் அதே பெயரின் சாயலில் குவாங் ஃபாங் ஜி என்று இன்னொரு மூலிகையும் உண்டு. பெயர்க் குழப்பத்தால் இதற்குப் பதில் அது வந்துவிட்டது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைப் பாழாக்கக்கூடியது. நூற்றுக்கும் அதிகமானோரின் சிறுநீரகம் கெட்டது. பின்னர் அவர்களில் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டது. இந்தச் செய்தி எப்படி வெளிவந்தது என்பதைப் பிறகு சொல்கிறோம். நம் பேச்சின் உயிரே அதில்தான் இருக்கிறது.

மூன்றாவது வழி, மூலிகை என்ற பெயரில் ஆங்கில மருந்தை மறைத்துக் கலப்பது. நம் தோட்டப்புற மக்களைப் பெரிதும் பாதிப்பது இதுவே எனலாம். முழங்கால் வலியால் அவதிப்படும் ஒரு தாயை எண்ணிக்கொள்வோம். இரவுச் சந்தையில் ஒரு புட்டி மாத்திரை முப்பது வெள்ளிக்குக் கிடைக்கிறது. "எல்லாம் மூலிகை, பக்கவிளைவே இல்லை" என்கிறார் விற்பவர். சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி பறந்துவிடுகிறது. பசி எடுக்கிறது. முகம் கொஞ்சம் சதை பிடிக்கிறது. "அக்கா, இந்த மருந்து ரொம்ப நல்ல மருந்து, நீங்களும் வாங்குங்க" என்று பக்கத்து வீட்டாருக்கும் சொல்கிறார். சில மாதம் கழித்து முகம் பூரணச் சந்திரனைப் போல் உருண்டுவிடுகிறது. இலேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன. பயந்துபோய் மாத்திரையைச் சட்டென்று நிறுத்துகிறார். உடனே தலைசுற்றலும் வாந்தியும் தாங்கமுடியாத சோர்வும் வந்து மயங்கி விழுகிறார்.

அந்த மாத்திரையில் இருந்தது டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து. மூலிகை என்று விற்கப்பட்ட பொருள்களில் இந்த மருந்து கலந்திருந்ததை நம் நாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். மருத்துவர் அளந்து கொடுத்தால் ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. அளவு தெரியாமல் மாதக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய சுரப்பை மறந்துவிடும். அப்போது மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்தாகிவிடும். ஆகவே, இப்படிப்பட்ட மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் தாமாக நிறுத்தாமல், அந்தப் புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போவதே முறை.

நான்காவது வழி, சீன மருந்தும் மருத்துவமனை மருந்தும் ஒன்றோடொன்று மோதுவது. இதய நோய்க்காக இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் டான்ஷென், டாங்குய் ஆகிய சீன மூலிகைகளையும் சேர்த்துச் சாப்பிட்டால் இரத்தப்போக்கு அதிகமாகலாம். ஈறில் இரத்தம், மலத்தில் கறுப்பு, காரணமின்றி உடம்பில் நீலத் தழும்பு ஆகியவை அதற்கு அறிகுறிகள்.

ஐந்தாவதாக, சாப்பிடுபவரின் உடல்வாகு. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக இருக்கும். நம் நாட்டு மருத்துவமனைகளில் பிள்ளை பிறந்ததும் கொடியிரத்தத்தை எடுத்து இதைச் சோதிக்கிறார்கள். இக்குறையுள்ள குழந்தைகளுக்குச் சில பொருள்கள் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகும். இந்த அச்சத்தால்தான் சிங்கப்பூரில் 1978 ஆம் ஆண்டில், ஹுவாங்லியன் போன்ற மூலிகைகளில் உள்ள பெர்பெரின் என்ற பொருளுக்குத் தடை விதித்தார்கள். பிறகு மறுபடியும் ஆராய்ந்து, 2013 முதல் ஹுவாங்லியனுக்கு அந்தத் தடையை நீக்கினார்கள். தடை நீங்கினாலும் பச்சிளங் குழந்தைக்கு மருத்துவரைக் கேளாமல் எந்த மூலிகையும் கொடுக்கலாகாது. கர்ப்பிணிகளுக்கும் இதுவே விதி.

நேயர்களே, இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். கெடுதல் நேர்ந்தபின் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? மருந்தை நிறுத்திவிட்டு, மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, வாயை மூடிக்கொள்கிறோம். கிளினிக்கில், "அம்மா, வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால், "இல்லீங்க ஐயா" என்கிறோம். ஏன்? டாக்டர் ஏசுவார் என்ற பயம். கடைக்காரர் நமக்குத் தெரிந்தவர், அவருக்குத் தொல்லை வருமே என்ற தயக்கம். படிக்காத நாம் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம். சில மருந்துகளைப் பற்றி வெளியே சொல்லவே வெட்கம்.

அந்த வெட்கம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி. 2008 ஆம் ஆண்டு ஜனவரி முதல் மே மாதம் வரை சிங்கப்பூரில் 5 பொது மருத்துவமனைகளுக்கு 150 பேர் வந்து சேர்ந்தார்கள். எல்லாருக்கும் இரத்தத்தில் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கியிருந்தது. அவர்களுக்கு நீரிழிவு நோய் கிடையாது. சோதித்துப் பார்த்தபோது, பெரும்பாலோரின் இரத்தத்திலோ சிறுநீரிலோ கிளிபென்கிளமைட் என்ற நீரிழிவு மருந்து இருந்தது. ஆண்களின் வீரியத்துக்கென்று சட்டவிரோதமாக விற்கப்பட்ட மாத்திரைகளில் அது கலந்திருந்தது. சில மாத்திரைகள் சீன மூலிகை மருந்து என்ற பெயரையும் தாங்கியிருந்தன. தாம் அவற்றைச் சாப்பிட்டதை ஒப்புக்கொண்டவர்கள் சிலரே, பெரும்பாலோர் சொல்லவில்லை. 7 பேர் நினைவு திரும்பாமல் கிடந்தார்கள். அவர்களில் 4 பேர் இறந்தார்கள். மருத்துவமனைகள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிக்கொண்டதால்தான் இத்தனை பேருக்கும் ஒரே காரணம் என்பது வெளிப்பட்டது.

சொல்வதால் விளையும் நன்மைக்குப் பெல்ஜியம் நாட்டுக் கதையே சான்று. 1992 ஆம் ஆண்டில் புருசெல்ஸ் மருத்துவர்களிடம் இரண்டு பெண்கள் வந்தார்கள். இருவருக்கும் ஐம்பது வயது ஆகவில்லை. இருவருக்கும் சிறுநீரகம் வேகமாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. இருவரும் தாங்கள் ஒரே நிலையத்தில் இளைப்பு மருந்து வாங்கியதைச் சொன்னார்கள். உடனே அம்மருத்துவர்கள் நகரின் மற்றச் சிறுநீரக நிலையங்களை விசாரித்தார்கள். அதே மருந்தைச் சாப்பிட்ட இன்னும் 7 பெண்கள் அகப்பட்டார்கள். 1993 இல் இதை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதன் பிறகே உலகம் விழித்துக்கொண்டு, அந்த மூலிகையைப் பல நாடுகள் தடை செய்தன. அந்த இரண்டு பெண்களும் "ஒன்றும் சாப்பிடவில்லை" என்று சொல்லியிருந்தால் இன்னும் எத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள்! ஒருவருக்கு நேர்ந்தால் அது விதி போலத் தோன்றும். பத்துப் பேருக்கு நேர்ந்தது ஓரிடத்தில் எழுதப்பட்டால்தான் அது மருந்தின் குற்றம் என்று தெரியவரும்.

அப்படி எழுதி வைக்கும் இடம் நம் நாட்டிலும் இருக்கிறது. 1961 இல் தாலிடோமைட் என்ற மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் ஊனத்தோடு பிறந்த கொடுமை வெளிப்பட்டது. அதற்குப் பிறகு, 1968 இல் உலகச் சுகாதார நிறுவனம் பத்து நாடுகளைக் கொண்டு மருந்துக் கெடுதல்களைப் பதிவுசெய்யும் திட்டத்தைத் தொடங்கியது. மலேசியாவில் 1987 இல் இதற்கென்று ஓர் ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. 1990 இல் நம் நாடு அந்த உலகத் திட்டத்தில் முப்பதாவது உறுப்பினராகச் சேர்ந்தது. பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் இந்தப் புகார்களைப் பெறுகிறது. அங்கிருந்து அவை சுவீடன் நாட்டின் உப்சாலா நகரிலுள்ள உலக நிலையத்துக்கும் போய்ச் சேர்கின்றன. தோட்டத்து லயத்து வீட்டில் ஒரு தாய்க்கு நேர்ந்த அரிப்பும் வீக்கமும் உலகக் கணக்கில் ஏறுகின்றன என்றால், நம் சொல் சின்னச் சொல்லா?

புகார் செய்வது கடினமான காரியமன்று. முக்கியமாக நான்கு செய்திகள் வேண்டும். யாருக்கு நேர்ந்தது, என்ன மருந்து, என்ன கெடுதல், சொல்பவர் யார், இவ்வளவுதான். இவற்றோடு, எப்போது சாப்பிடத் தொடங்கினார், எத்தனை நாளில் கெடுதல் தோன்றியது, நிறுத்தியபின் குறைந்ததா, வேறு என்ன மருந்துகள் சாப்பிடுகிறார் என்பனவற்றையும் சொன்னால் ஆராய்வோருக்குப் பேருதவியாக இருக்கும். மருந்துதான் காரணம் என்று நாம் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தாலே போதும். நிச்சயமா, ஒருவேளையா, இல்லையா என்று எடைபோடுவது வல்லுநர்களின் வேலை.

யாரிடம் சொல்வது? தோட்டத்து டிரஸரிடம் சொல்லலாம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் டாக்டரிடமோ, மருந்து கொடுக்கும் மருந்தாளரிடமோ சொல்லலாம். அவர்கள் அதற்குரிய பாரத்தை நிரப்பி அனுப்புவார்கள். பொதுமக்களே நேரடியாக நிரப்பி அனுப்புவதற்கும் தனிப் பாரம் உண்டு. அதை ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பெறலாம். படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து நிரப்பச் சொல்லுங்கள். சொல்பவரின் பெயரும் நோயாளியின் பெயரும் இரகசியமாகக் காக்கப்படும். இது ஒருவரைத் தண்டிக்கச் சொல்லும் புகாரன்று. அடுத்தவர் விழாதிருக்கப் பள்ளத்தின் அருகே நடும் கொடி.

அந்தப் புகார் பிறகு என்னவாகும்? வல்லுநர்கள் ஆராய்வார்கள். தேவையானால் மருந்தை ஆய்வுக்கூடத்தில் சோதிப்பார்கள். கலப்படம் இருந்தால் மருந்தின் பதிவை இரத்து செய்து, கடைகளிலிருந்து திரும்பப் பெறச் செய்வார்கள். பொதுமக்களுக்கும் எச்சரிக்கை விடுவார்கள்.

மருந்து வாங்கும்போதே கவனிக்க வேண்டியவை சில உண்டு. நம் நாட்டில் பாரம்பரிய மருந்துகளைப் பதிவுசெய்யும் முறை 1992 இல் தொடங்கியது. பதிவான மருந்தின் பெட்டியில் 'எம் ஏ எல்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும், எட்டு இலக்கங்களும், அவற்றின் முடிவில் 'டி' என்ற எழுத்தும் இருக்கும். மினுமினுக்கும் பாதுகாப்பு ஒட்டுச்சீட்டும் இருக்கும். ஈயம், பாதரசம், ஆர்செனிக் போன்ற நச்சு உலோகங்கள் அளவு மீறியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பதிவு கொடுக்கிறார்கள். இந்த எண் நோய் குணமாகும் என்பதற்கு உத்தரவாதமன்று. பொய்யான எண்ணை அச்சிடுபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே எண் இருக்கும் மருந்தால் கெடுதல் நேர்ந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

சின்சே நோயாளியைப் பார்த்துத் தம் கையாலேயே நிறுத்துக் கட்டிக்கொடுக்கும் மூலிகைப் பொட்டலத்துக்கு இந்த எண் இராது. அப்போது, என்னென்ன மூலிகை, எவ்வளவு எடை என்று எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சீன எழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் மருத்துவமனையில் கிடைப்பார்கள். நல்ல வைத்தியர் சீட்டுக் கொடுக்கத் தயங்கமாட்டார். கெடுதல் நேர்ந்தால் அவரிடமும் போய்ச் சொல்லுங்கள். தம் மருந்து ஒருவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அவரும் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா?

கெடுதல் தோன்றியதும் வீட்டில் செய்ய வேண்டியவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறல், முகவீக்கம், உதடு மரத்துப்போதல், வலிப்பு, மயக்கம், கண் மஞ்சளாதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது கண்டாலும் காத்திருக்க வேண்டாம். 999 ஐ அழையுங்கள். அல்லது கிடைத்த வண்டியில் மருத்துவமனைக்குப் போங்கள். புகார் பிறகு எழுதலாம், முதலில் உயிர். போகும்போது மருந்துப் புட்டி, பெட்டி, மூலிகைச் சீட்டு, மிச்சமுள்ள பொட்டலம், கொதிக்க வைத்த சக்கைகூட இருந்தால் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சாக்கடையில் கொட்டிய மருந்து சாட்சி சொல்லாது.

மருத்துவர்களுக்கும் மருந்தாளர்களுக்கும் நாம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். பாமர மக்கள் வந்து சீன மருந்து சாப்பிட்டதாகச் சொல்லும்போது கடிந்துகொள்ளாதீர்கள். ஒருமுறை ஏச்சு வாங்கியவர் மறுமுறை உண்மை சொல்லமாட்டார். அவர் மறைக்கும் அந்தச் செய்தியில்தான் நோயின் காரணம் இருக்கக்கூடும்.

இங்கே சொன்னவை சீன மருந்துக்கு மட்டும் உரியவை அல்ல. நம் நாட்டு மருந்துக்கும், ஜாமுவுக்கும், மருத்துவமனை மாத்திரைக்கும் இதே விதிதான். எந்த மருந்தானாலும், சாப்பிடுமுன் கேளுங்கள், சாப்பிடும்போது கவனியுங்கள், கெடுதல் கண்டால் சொல்லுங்கள். நோயை மறைத்தால் ஒரு வீடு கெடும். மருந்தின் கெடுதலை மறைத்தால், அதே மருந்தை நாளை வாங்கப்போகும் இன்னொரு வீடும் கெடும். அந்த வீட்டாரை நமக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் அவர்களைக் காப்பாற்றும் சொல் நம் வாயில்தான் இருக்கிறது.